ஒரே நாளில் மலாக்கா: சீனத் தெருவும் செட்டி கிராமமும்

கல் பாலங்கள், கால்வாயில் மிதக்கும் படகுகள், இரு கரையிலும் பழைய ஓட்டு வீடுகள். ஷாங்காய்க்குப் பக்கத்தில் உள்ள சூஜியாஜியாவ் போன்ற சீனக் கால்வாய் நகரங்களின் படங்களைப் பார்த்தாலே பெட்டி கட்டத் தோன்றும். ஆனால், அதற்கு விமானப் பயணச்சீட்டு வேண்டும், அலுவலகத்தில் விடுப்பும் வேண்டும். கையில் ஒரு சனிக்கிழமை மட்டுமே இருக்கிறதா? ஆங் மோ கியோவிலிருந்து சாலை வழியாகவே போய்வர மலாக்கா இருக்கிறது.

சீன வணிகர்களின் நீண்ட வீடுகள் நிறைந்த இந்த ஆற்றங்கரை நகரத்தை, பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து 2008ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. அதே நகரில், நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களும் வாழ்கிறார்கள். ஜோங்கர் தெருவில் படம் எடுத்து, சென்டோல் குடித்துத் திரும்புபவர்கள் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. நாளைச் சற்று மாற்றி வகுத்தால் இரண்டையும் பார்க்கலாம்.

புறப்படும் முன்

ஆங் மோ கியோவில் முதல் எம்ஆர்டி ரயிலைப் பிடித்தால், வடக்கு-தெற்குப் பாதையில் ரயில் மாறாமல் கிராஞ்சிக்குப் போகலாம். அங்கிருந்து 170 எண் பேருந்து சோதனைச்சாவடிகளைக் கடந்து ஜோகூர் பாருவின் லார்க்கின் நிலையம் செல்லும். லார்க்கினிலிருந்து மலாக்காவுக்குச் சுமார் மூன்று மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து நேரடிப் பேருந்துகளும் உண்டு. எதில் போனாலும் திரும்பும் சீட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறை, நீண்ட வாரயிறுதி நாள்களைத் தவிர்ப்பது நல்லது. அந்நாள்களில் பாலத்திலேயே பாதி நாள் போய்விடும்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழில் இங்கு வேலை செய்பவர்கள், மலேசியாவின் விசா விதியையும் மின்னிலக்க வருகை அட்டையையும் முந்திய வாரமே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காஜா பெராங்

மலாக்கா பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நேராக ஜோங்கர் தெருவுக்குப் போகாதீர்கள். அங்கே போனால் நாள் அங்கேயே முடிந்துவிடும். வாடகை வாகனத்தில் காஜா பெராங் சாலையில் உள்ள செட்டி கிராமத்துக்குச் செல்லுங்கள். சிறிய அரும்பொருளகம் ஒன்றும், 1822ல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அங்கே உள்ளன.

மலாக்கா செட்டிகளை நகரத்தார் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகரத்தார் பெருமளவில் வந்தது 19ஆம் நூற்றாண்டில். செட்டிகளின் முன்னோர் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, மலாக்கா சுல்தான்களின் காலத்திலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். 1511ல் நகரைப் பிடித்த போர்ச்சுகீசியர், நைனா சட்டு என்ற தமிழ் வணிகரை பெண்டஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். அன்றைய துறைமுகத்தில் தமிழ் வணிகர்களுக்கு இருந்த செல்வாக்கு அப்படி.

இன்று அவர்களின் வீட்டு மொழி மலாய். பெண்களின் மரபுடை சரோங், கெபாயா. ஆனால் பெயரின் பின்னே பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்று வரும். வழிபாடு சைவ வழிபாடு. பொங்கலுக்கு முதல் நாள் ‘போகி பார்ச்சு’ என்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். இலையில் நாசி லெமாக்கும் இருக்கும். வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பலர் என்பதால் கிராமம் சிறுத்துவிட்டது. இது மக்கள் குடியிருக்கும் இடம். வீடுகளைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொற்கொல்லர் தெரு

மதியச் சாப்பாட்டுக்குப் பழைய நகரத்துக்கு வந்துவிடலாம். கோழிச் சோற்று உருண்டை இங்கே பெயர்பெற்றது. சைவம் சாப்பிடுபவர்கள் வாழையிலைக் கடைகளை நாடலாம்.

சாப்பிட்ட பின் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் நடந்து பாருங்கள். மலாயில் அதற்குப் பொற்கொல்லர் தெரு என்று பொருள். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781ல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இங்கேதான் இருக்கிறது. சில அடி தள்ளி, 1748ல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். கூரை அடுக்கடுக்காக எழும், மனோரா சீன பகோடாவைப் போலிருக்கும். இன்னும் சற்று நடந்தால் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். கோயில்கள் பிற்பகலில் நடை சாத்தும் என்பதையும் தொழுகை நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து ஹீரன் தெரு. பாபா-நோன்யா குடும்பங்களின் வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே வெகு நீளம் போகும். நடுவில் வெளிச்சத்துக்கும் மழைக்கும் திறந்த முற்றம் உண்டு. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது பழகிய இடமாகத் தோன்றும்.

மாலையில் ஆறு

பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாய் 2012ல் மீண்டும் ஆறாக வளைந்து ஓடத் தொடங்கியதை நம் பிள்ளைகள் அறிவார்கள். மலாக்கா ஆறு வேறு மாதிரி. இரு கரையும் கட்டப்பட்டு, ஓரத்தில் நடைபாதையும் சுவரோவியங்களும் இருக்கின்றன. படகுச் சவாரி சுமார் முக்கால் மணி நேரம். சரக்குகள் ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. வாரயிறுதி இரவுச் சந்தை மாலையில்தான் தொடங்கும். அதைப் பார்க்க விரும்பினால் ஓர் இரவு தங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆறரை மணிக்குள் பேருந்து நிலையத்தில் இருந்தால் நிம்மதி.

திரும்பும் வழியில் பிள்ளைகள் கேட்கக்கூடும்: “தமிழ் பேசாதவர்களும் தமிழர்களா?” வீட்டில் ஆங்கிலமே அதிகம் ஒலிக்கும் குடும்பங்களுக்கு இது எங்கோ யாரையோ பற்றிய கேள்வி அன்று. செட்டிகள் மொழியை இழந்தும் படையலையும் கோயிலையும் விடவில்லை. நம் வீட்டில் எது நிற்கும், எது போகும்? கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018ல் மலாக்கா செட்டிகளுக்காகத் தனிக் கண்காட்சியே நடத்தியது. விடையை அவசரமாகச் சொல்லாமல், பிள்ளைகள் அன்று என்ன பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பேருந்தில் அதற்கு நேரம் தாராளமாக இருக்கும்.