அல்லி இலைக் கூரையின் கீழே

சிகாகோவிலிருந்து மிச்சிகன் ஏரிக்கரையோரமாகவே வடக்கே காரில் சென்றால், ஒன்றரை மணி நேரத்தில் ரஸீன் என்ற ஊர் வரும். தொழிற்சாலை ஊர். கோட்டையோ அரண்மனையோ கிடையாது. ஆனாலும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அங்கே வருகிறார்கள், ஓர் ஆபீஸைப் பார்ப்பதற்காக! "ஆபீஸை யாராவது வேடிக்கை பார்க்கப் போவார்களா? எப்போது ஐந்து மணி அடிக்கும் என்றல்லவா காத்திருக்கிறோம்!" என்று வேலைக்குப் போகும் சகோதரிகள் சிரிக்கக்கூடும். சற்றுப் பொறுங்கள்.

தரைக்குப் போடும் மெழுகு தயாரித்துப் பெயர் வாங்கிய ஜான்ஸன் கம்பெனியின் தலைமையகம் இது, இன்றைக்கும் அப்படியே. 1936-ல் முதலாளி ஹெர்பர்ட் ஜான்ஸன், கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ரைட்டுக்கு அப்போது வயது அறுபத்தொன்பது. 1939-ல் கட்டடம் திறக்கப்பட்டது. முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

தாழ்ந்த வாசலில் நுழைந்து உள்ளே போனால், அப்பப்பா! அரை ஏக்கர் விஸ்தீரணத்தில் ஒரே கூடம். நடுவே ஒரு தடுப்புச் சுவர்கூட இல்லை. வரிசை வரிசையாக வெள்ளைத் தூண்கள். நம் கோயில் மண்டபத் தூண்களைப் போல அடி பருத்தவை அல்ல. தரையில் ஒன்பது அங்குல விட்டம்தான். மேலே போகப் போக விரிந்து, உச்சியில் பதினெட்டரை அடி அகலமுள்ள வட்டமாகி விடுகிறது. குளத்துக்கு அடியில் நின்று, மேலே மிதக்கும் அல்லி இலைகளை அண்ணாந்து பார்ப்பது போல இருக்கிறது. இலைகளுக்கு நடுவேயுள்ள சந்துகளில் கண்ணாடி வேலைப்பாடு. அதன் வழியே வெளிச்சம் பாலாக இறங்குகிறது.

இவ்வளவு ஒல்லியான தூண் கூரையைத் தாங்குமா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். 1937-ல் ஒரு தூணை மட்டும் நட்டு, உச்சியில் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டு டன் தாங்கினால் போதும் என்பது விதி. அறுபது டன் வரை நின்றது தூண்! பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

என்னைக் கவர்ந்தது தூண் அல்ல. யாருக்கு எந்த இடம் என்ற கணக்குத்தான். நமக்குத் தெரிந்த ஆபீஸ்களில் ஜன்னலும் காற்றும் மானேஜருக்கு. டைப் அடிக்கும் பெண்ணுக்குத் தூணுக்குப் பின்னால் ஓர் இருட்டு மூலை. இங்கே அந்தப் பிரமாதமான கூடமே குமாஸ்தாக்களுக்கும் டைப்பிஸ்டுகளுக்கும்தான். மானேஜர்கள் சுற்றிலுமுள்ள மாடித் தாழ்வாரத்தில். முதலாளி அதற்கும் மேலே.

அடுக்களையில் உப்பும் புளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சமையல் எப்படி ஓடுகிறதோ, அந்த யோசனை இங்கேயும் தெரிகிறது. மேஜைகளையும் ரைட்டே வரைந்து கொடுத்தார். இழுப்பறைகள் கீல் வைத்த கதவு போலப் பக்கவாட்டில் திறக்கும். குப்பைக் கூடை தரையைத் தொடாமல் மேஜையோடு தொங்கும், பெருக்குகிறவள் வாழ்த்துவாள்! அலம்பும் அறைகள் கூடத்துக்கு நேர் கீழே. நெடுந்தூரம் நடந்து, பலர் பார்க்கப் போய் வர வேண்டியதில்லை. அங்கங்கே உள்ள சிறு சுழல் படியில் இறங்கினால் போதும். எத்தனை ஆபீஸ்களில் இதை நினைத்துப் பார்க்கிறார்கள்?

சரி, குறையே இல்லையா? உண்டு. சுற்றுப்புறம் புகையும் தொழிற்சாலையுமாக இருந்ததால், வெளியே பார்க்க ஜன்னலே வைக்கவில்லை ரைட். மழை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. எட்டிப் பார்ப்பானேன், மழையே உள்ளே வந்தது! கட்டடம் முழுவதற்குமாக நாற்பத்து மூன்று மைல் நீளக் கண்ணாடிக் குழாய்கள். இணைப்புகளில் ஒழுகிக்கொண்டே இருந்தன. பிற்பாடு கூரையில் வேறு பொருளைப் போட்டு மாற்ற வேண்டி வந்தது.

அதைக்கூட மன்னித்து விடலாம். நாற்காலி விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. டைப்பிஸ்டுகளுக்கென்று மூன்றே கால் வைத்த நாற்காலி செய்தார். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. அலுப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாலோ, நாற்காலியோடு ஆளும் சாய வேண்டியதுதான். கூடத்துக்கு இவ்வளவு யோசித்தவர், நாள் முழுக்க உட்காரப் போகிற பெண்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, "உட்கார்ந்து பாரம்மா" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? கடைசியில் நாலாவது கால் வைத்தார்கள்.

மூன்று கால் நாற்காலிகள் இப்போது மியூஸியத்தில் இருக்கின்றன. தொடக்கூட விடுவதில்லை, உட்காருவது எங்கே!