காலிக் குளமும் குடிசார் பொறியாளரும்



'எனது இலட்சியம்' எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்களுள் பெரும்பாலோர் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடுவர். பொறியாளர் என எழுதும் ஒரு சிலரும் கணினியையோ விமானத்தையோ மனத்திற்கொண்டே எழுதுகின்றனர். சாலை, பாலம், கால்வாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கட்டிக் காக்கும் சிவில் இன்ஜினியராக வேண்டும் என்று எழுதிய மாணவர்களை, என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு நாம் வழங்கும் சொல்லும் ஒரு காரணமோ என எண்ணுகிறேன். 'கட்டடப் பொறியாளர்' என்றதும் செங்கல்லும் சிமெண்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆகையால் வகுப்பில் நான் 'குடிசார் பொறியாளர்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். முற்காலத்தில் ஐரோப்பாவில் பொறியாளர் என்றால் படைக்குக் கோட்டையும் அரணும் அமைப்பவர் என்றே பெரும்பாலும் பொருள். 1759இல் கட்டி முடிக்கப்பட்ட எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை அமைத்த ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயர், தாம் படைக்கு உழைப்பவர் அல்லர், குடிமக்களுக்கு உழைப்பவர் என்பதைக் காட்டவே தம்மை 'சிவில்' பொறியாளர் என்று அழைத்துக்கொண்டார். 'குடி' என்ற நம் சொல் அந்தக் கருத்தை அழகாகத் தாங்குகிறது.

இப்பணியின் அருமையை அறிய நம் தலைநகரைப் பார்த்தாலே போதும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் தோன்றிய ஊர் கோலாலம்பூர். அதன் பெயரிலேயே சேறு இருக்கிறது. 1926இலும் 1971இலும் பெருவெள்ளம் அந்நகரை மூழ்கடித்தது. பின்னர்க் காடும் தோட்டமும் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் தார்ச்சாலையில் வழிந்து நேரே ஆற்றுக்கு ஓடியது. ஆற்றை அகலப்படுத்தலாம் என்றாலோ, நகரின் நடுவே இரு கரைகளிலும் கட்டடங்கள் நெருங்கி நின்றன. எனவே பொறியாளர்கள் நிலத்துக்கு அடியில் வழி தேடினர்.

அவ்வாறு பிறந்ததே 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம். நீளம் 9.7 கிலோமீட்டர்; குறுக்களவு 13 மீட்டருக்கும் அதிகம். ஆற்று வெள்ளம் நகர மையத்தை அடையுமுன்னரே அதை உள்வாங்கி, தாமான் டேசா பக்கமுள்ள நீர்த்தேக்கத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. அவர்கள் துளைத்த நிலமோ பொந்துகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. நிலத்தடி நீர் சற்றே வடிந்தாலும் மேலுள்ள மண் உள்வாங்கிவிடும். ஆதலால் களிமண் கரைசலை அழுத்தத்துடன் செலுத்தியபடியே துளைத்துச் செல்லும் இயந்திரங்கள் பயன்படுத்தப்பட்டன.

சுரங்கத்தின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு இரண்டடுக்குச் சாலையும் உண்டு. சாதாரண நாளில் வாகனங்கள் செல்லும். மிதமான வெள்ளத்தின்போது சாலைக்குக் கீழுள்ள வழியில் நீர் ஓடும். மேலே போக்குவரத்தும் தொடரும். பெருமழையில் சாலை மூடப்படும். உள்ளே ஒரு வாகனமும் இல்லை என்று உறுதி செய்த பிறகு மதகுகள் திறக்கப்பட்டு, சாலையும் நீருக்கு வழிவிடும். முன்னதாகவே மூடினால் வாகனமோட்டிகள் முணுமுணுப்பர். தாமதித்தாலோ உயிருக்கே ஆபத்து. இடையில் நின்று கணக்கிட்டு முடிவெடுப்போரின் முகம் நமக்குத் தெரியாது.

எங்கள் குடியிருப்பின் ஓரத்தில் வேலியிட்ட ஒரு பெரிய குளம் உள்ளது. அந்த வழியாகப் பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் என்னிடம், "டீச்சர், அந்தக் குளத்துல ஏன் எப்பவும் தண்ணியே இல்ல?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. அது காலியாக இருப்பதற்காகவே வெட்டப்பட்ட குளம். நிரம்பிய குளத்தில் புதுவெள்ளத்திற்கு இடமேது? 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த எம்.எஸ்.எம்.ஏ. எனும் நீர்ப்பாசன வடிகால் துறையின் கையேடு, மழைநீரை விரைந்து வெளியே தள்ளாமல் பெய்த இடத்திலேயே தடுத்து, மெல்ல மெல்ல விடச் சொல்கிறது. வீடுகள் எழும்பிய பிறகு அவ்விடத்திலிருந்து பாயும் உச்ச வெள்ளம், முன்பு பாய்ந்ததைவிட மிகக்கூடாது என்பதே அதன் அடிப்படை. இதை விளக்கியபோது கன அளவும் கொள்ளளவும் அவ்வகுப்புக்கு வெறும் கணக்காகத் தோன்றவில்லை.

காலிக் குளத்தைப் போன்றதே குடிசார் பொறியாளரின் வெற்றியும். எதுவும் நடக்காமல் இருப்பதே அவர் செய்த செயல். நடந்துவிட்டாலோ அதன் விலை பெரிது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்கள் பலியாயின. பின்புற மலைச்சரிவில் மழைநீருக்கு முறையான வடிகால் இல்லாமையும் தடுப்புச் சுவர்கள் சரிந்தமையும் அக்கொடுமைக்குக் காரணங்களாயின. நம் நாட்டில் தொழில்முறைப் பொறியாளர்கள் பெயருக்கு முன் 'இர்.' என்று இட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரெழுத்து பெருமைக்கு மட்டும் உரியதன்று. வரைபடத்தில் அவர் இடும் கையொப்பம், "இதற்கு நான் பொறுப்பு" என்று அறியாத மக்களுக்கு அளிக்கும் வாக்குறுதி.

எனினும் பொறியாளர் ஒருவரே எல்லாவற்றையும் காத்துவிட முடியாது. 2021 டிசம்பரில், பல நாள் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டியபோது, ஸ்மார்ட் சுரங்கம் இருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கு தத்தளித்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்த காட்சியை நம்மில் யார் மறப்பர்? எந்தக் கால்வாயும் ஓர் அளவு மழைக்கே கணக்கிடப்படுகிறது. அந்த அளவையும் நாம் எறியும் நெகிழிப் பைகளும் உணவுக் கழிவும் குறைத்துவிடுகின்றன. பொறியாளர் போட்ட கணக்கில் நம் குப்பை சேர்க்கப்படவில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகளை மழை ஓய்ந்த ஒரு மாலையில் பாதுகாப்பாக வெளியே அழைத்துச் செல்லுங்கள். வீட்டு வாசலில் விழுந்த நீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அக்கால்வாய் எந்த ஆற்றை அடைகிறது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். அந்தத் தேடலில் ஒரு பிள்ளையேனும், "இதை யார் கட்டினார்கள்?" என்று கேட்கக்கூடும். அப்பிள்ளைக்குக் 'குடிசார் பொறியாளர்' என்ற சொல்லைப் பொருளோடு சொல்லிக் கொடுங்கள்.