இல்லாத வீட்டைத் தேடி

யாத்திரை என்றால் கோயிலும் குளமும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பின்னர்க் கவிஞர் பிறந்த வீட்டையும் மன்னர் ஆண்ட கோட்டையையும் காணச் செல்வது வழக்கமாயிற்று. இன்றோ, ஒரு திரைப்படத்தில் கதாநாயகி துள்ளி ஏறிய படிக்கட்டையும், குழந்தைகள் சுற்றி ஓடிய நீரூற்றையும் காண்பதற்காகவே மக்கள் கடல் கடந்து செல்கின்றனர். நடந்த வரலாற்றைத் தேடிச் செல்வதில் பொருள் உண்டு. நடவாத கதைக்குக் களமாக நின்ற இடத்தைத் தேடிச் செல்வதில் என்ன பொருள் இருக்க முடியும் என்று வினவுவோர் உளர். ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரில் குடும்பத்தோடு கழித்த ஒரு சனி, ஞாயிறு அவ்வினாவுக்கு எனக்கு ஒரு விடையைத் தந்தது. அதனையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

சால்ஸ்பர்க் என்னும் பெயருக்கு உப்புக் கோட்டை என்பது பொருள். அருகிலுள்ள மலைகளில் வெட்டியெடுத்த உப்பின் வருவாயால் செழித்த நகரம் அது. 1077-ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பெற்ற கோட்டை இன்றும் குன்றின்மேல் வெண்ணிறமாய் நிற்கின்றது. இசைமேதை மோட்சார்ட் 1756-இல் பிறந்த வீடு கடைவீதியின் நடுவில் இருக்கின்றது. இத்தனை பெருமைகள் இருந்தும், உலகின் பல மூலைகளிலிருந்து வருவோரில் பெருந்தொகையினர் முதலில் கேட்பது 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் எடுத்த இடங்களைத்தான்.

ராபர்ட் வைஸ் இயக்கி 1965-இல் வெளிவந்த அப்படத்தின் கதையை அறியாதார் சிலரே இருப்பர். கன்னிமாடத்தில் துறவு பூண வந்த மரியா என்னும் இளம்பெண், தாயை இழந்த ஏழு குழந்தைகளுக்கு ஆசிரியையாகச் செல்கின்றாள். இராணுவக் கட்டுப்பாட்டில் வளர்ந்த அக்குழந்தைகளுக்குப் பாடக் கற்றுத் தருகின்றாள். அவர்களின் தந்தையாகிய கடற்படைக் கேப்டனை மணக்கின்றாள். 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, குடும்பம் முழுவதும் மலையைக் கடந்து தப்பிச் செல்கின்றது. சிறந்த படத்துக்கானது உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் அது.

பணியின் பொருட்டு நாங்கள் வியன்னாவில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது. சால்ஸ்பர்க் அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். ஊரில் இருந்த என் தாயார் அப்போது எங்களோடு தங்க வந்திருந்தார். காவிரிக்கரைச் சிற்றூரில் அவர் மருமகளாய்ப் புகுந்து ஐம்பதாண்டு வாழ்ந்த வீடு, அந்தத் தை மாதத்தில்தான் விலைபோயிருந்தது. தனியே காத்துவர ஆளின்றி, அண்ணனும் நானும் கூடி எடுத்த முடிவு. தாயார் அதற்கு மறுப்பேதும் சொல்லவில்லை. அதைப் பற்றி வேறெதுவும் பேசவுமில்லை. அவருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று என் மனைவி சொல்ல, பதின்மூன்று வயது மகள் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுத, நாங்கள் ஐவரும் ஒரு வைகாசிச் சனிக்கிழமை அதிகாலை இரயிலேறினோம்.

முந்தைய வாரமே படத்தை வீட்டில் ஒருமுறை பார்த்திருந்தோம். தாயாருக்கு மொழி விளங்காவிடினும் கதை விளங்கிற்று. "நம்ம 'சாந்தி நிலையம்' மாதிரி இருக்கே! காஞ்சனாவும் இப்படித்தானே பெரிய வீட்டுக்கு டீச்சராகப் போவாள்?" என்றார். 1969-இல் வெளிவந்த அப்படத்தைத் தாம் இளவயதில் கண்ட கதையையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்.

முதலில் மிராபெல் பூங்காவுக்குச் சென்றோம். 1606-இல் ஆட்சிப் பேராயர் ஒருவர் தம் அன்புக்குரிய பெண்ணுக்காகக் கட்டிய மாளிகையைச் சார்ந்தது அது. இறக்கை விரித்த குதிரைச் சிலையும், சரிகமபதநி கற்பிக்கும் பாடலின் முடிவில் குழந்தைகள் ஏறியிறங்கும் படிக்கட்டும் அங்கே உள்ளன. அப்படிகளில் கொரியர், பிரேசிலியர், நம் பஞ்சாபியர் எனப் பல நாட்டாரும் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராய்த் துள்ளி ஏறிக்கொண்டிருந்தனர். என் மகனும் ஏறினான். அருகிலிருந்த விசிப்பலகையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த உள்ளூர் முதியவர் ஒருவர் தலை நிமிரவேயில்லை. ஆஸ்திரியர் பலர் இப்படத்தைக் கண்டதே இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். தம் வீட்டுக் கதையைப் பிறர் வேறுவிதமாகச் சொல்லக் கேட்பதில் எவருக்குத்தான் விருப்பம் இருக்கும்?

அடுத்து நொன்பெர்க் கன்னிமாடம். ஏறத்தாழ கி.பி. 714-இல் நிறுவப்பெற்று, இடையறாது இன்றுவரை விளங்கும் மடம் அது. செங்குத்தான படிகளைத் தாயார் நின்று நின்று ஏறினார். படத்தில் மரியாவைத் தேடிவரும் குழந்தைகள் மணியடிக்கும் இரும்புக் கதவு அவ்வாறே இருந்தது. கதவுக்கு அப்பால் படமெடுக்க அனுமதி இல்லாமையால் உட்காட்சிகள் ஹாலிவுட்டில் அமைத்த அரங்கில் எடுக்கப்பட்டன. எனினும், இங்கு ஒரு மெய்யும் உண்டு. மரியா கற்பனைப் பாத்திரம் அல்லள். உண்மையான மரியா இம்மடத்தில் துறவுப் பயிற்சி பெற்றவர். கேப்டன் ஃபான் டிராப்பை 1927-இல் மணந்ததும் இம்மடத்தின் கோயிலிலேயே. படத்திலோ திருமணம் தொலைவிலுள்ள மொண்ட்சே என்னும் ஊரின் தேவாலயத்தில் நடைபெறுகின்றது. கதையிலும் அது பதினோராண்டு தள்ளி வைக்கப்பட்டுள்ளது.

பிற்பகல் மகளின் பட்டியலில் முதன்மையாயிருந்த வீட்டைத் தேடிப் புறப்பட்டோம். சால்ஸ்பர்க்கில் நூலிழை போல் விடாது பெய்யும் மழைக்குத் தனிப்பெயரே உண்டு. 1964-இல் படப்பிடிப்புக் குழுவினரைப் பல நாள் முடக்கிப் போட்டதும் அம்மழைதான். அன்றும் அது பிடித்துக்கொண்டது. குடையின்கீழ் நடந்து ஃப்ரோன்புர்க் என்னும் மஞ்சள் நிற மாளிகையை அடைந்தோம். மரியா பெட்டியும் கையுமாய் வந்து நிற்கும் வாயிலைக் கண்டதும் மகள் மகிழ்ந்தாள். சற்று நேரத்தில், "ஏரி எங்கே அப்பா?" என்று கேட்டாள். படத்தில் வீட்டின் பின்புறம் பெரிய ஏரி. அதில்தான் படகு கவிழ்ந்து குழந்தைகள் நனைவார்கள். இங்கே ஏரியே இல்லை.

ஏரி நகரின் வேறொரு பக்கத்தில், லியோபோல்ட்ஸ்க்ரோன் மாளிகையை ஒட்டி இருந்தது. வீட்டின் முகப்பு ஓரிடம். பின்புறத்து ஏரிக்கரை மற்றோரிடம். உள்ளே ஆடிய கூடமோ, லியோபோல்ட்ஸ்க்ரோனின் அறை ஒன்றைப் பார்த்து ஹாலிவுட்டில் செய்தது. மரியா ஒரு கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் அமெரிக்காவில் இருப்பாள். பின்கதவால் வெளியேறினால் மீண்டும் ஆஸ்திரியாவில் இருப்பாள். இதை நான் விளக்கியதும் தாயார் மழையில் ஏரியைப் பார்த்தபடி கேட்டார்: "அப்படியானால் அந்த வீட்டில் யாருமே குடியிருக்கவில்லையாடா?"

படத்து வீட்டில் எவரும் குடியிருக்கவில்லை. ஆனால் அந்த ஏரிக்கரை மாளிகையில் ஒருவர் குடியிருந்தார். மாக்ஸ் ரைன்ஹார்ட் என்னும் நாடகப் பேரறிஞர் அவர். 1918-இல் சிதைந்து கிடந்த அம்மாளிகையை வாங்கிப் பல்லாண்டு முயன்று புதுப்பித்தார். 1920-இல் தொடங்கி இன்றளவும் நடைபெறும் சால்ஸ்பர்க் இசை, நாடக விழாவை நிறுவியவர்களுள் ஒருவரும் அவரே. யூதர் என்னும் ஒரே காரணத்தால் 1938-இல் நாஜிகள் அம்மாளிகையைப் பறித்துக்கொண்டனர். அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த அவர், தம் வீட்டை மீண்டும் காணாமலே 1943-இல் நியூயார்க்கில் காலமானார். வீட்டைப் பிரியும் ஒரு குடும்பத்தின் கதையைப் படமாக்க வந்தவர்கள், அதே ஆண்டில் வீட்டை இழந்த ஒருவரின் ஏரிக்கரையைத்தான் களமாகக் கொண்டார்கள். அவர் கதை படத்தில் இல்லை. இதைக் கேட்ட தாயார், "திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாரா!" என்று மட்டும் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஞாயிறன்று வானம் வெளுத்தது. ஹெல்புருன் பூங்காவில் காட்சிக்கு வைத்துள்ள கண்ணாடி மண்டபத்தைக் கண்டோம். அதன் கதவு பூட்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் உண்டர்ஸ்பெர்க் மலை தெளிவாய்த் தெரிகின்றது. படத்தின் முடிவில் குடும்பத்தார் சால்ஸ்பர்க்கிலிருந்து மலையேறிச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புகின்றனர். உண்மையில் அந்நாடு அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. உண்டர்ஸ்பெர்க்கைக் கடந்தால் ஜெர்மனி. அதுவும் ஹிட்லரின் மலைமாளிகை இருந்த பகுதிக்கு அருகில். மெய்யான டிராப் குடும்பத்தார் மலையேறவில்லை. பகலில், ஊரறிய, இரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். பின்னர் அமெரிக்கா சென்று வெர்மான்ட் மாநிலத்தில் குடியேறி, ஊர் ஊராய்ப் பாடிப் பிழைத்தார்கள்.

'எடல்வைஸ்' என்னும் பாடலைக் கேட்டுக் கண்கலங்காதார் இலர். அது ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்றே பலரும் நம்புவர். அதுவும் அன்று. 1959-இல் நியூயார்க்கில் அரங்கேறிய இசை நாடகத்திற்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் ஆங்கிலத்தில் எழுதியது.

இவற்றையெல்லாம் கேட்டுவந்த மகளின் முகம் வாடிற்று. "எல்லாமே பொய்தானா?" என்றாள். "பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா?" என்று அவள் தாய் திருப்பிக் கேட்டாள். அதற்கு அவளிடம் மறுப்பில்லை.

மாலை இரயிலில் வியன்னா திரும்பும்போது, சன்னலோரம் அமர்ந்திருந்த மகள் தன் பாட்டியிடம், "நம் ஊர் வீட்டை விற்றுவிட்டார்களே, கிணற்றடியில் இருந்த பவழமல்லி என்ன ஆகும் பாட்டி?" என்று கேட்டாள். நான் திடுக்கிட்டேன். எங்கள் வீட்டில் பவழமல்லி இருந்ததில்லை. அது நெல்லைச் சீமையில் என் மனைவி பிறந்த வீட்டுக் கிணற்றடியில் நிற்பது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்து நாள் விடுமுறையில் இரண்டு ஊருக்கும் ஓடி வந்த குழந்தை, எங்கள் வீட்டுத் திண்ணையையும் முற்றத்தையும் எடுத்து, அந்த வீட்டுக் கிணற்றையும் மரத்தையும் சேர்த்து, தனக்கென்று ஓர் ஊர் வீட்டைக் கட்டி வைத்திருந்தாள். முகப்பு ஓரிடம், ஏரி மற்றோரிடம்.

நான் திருத்த வாயெடுத்தேன். தாயார் கையமர்த்தினார். "பவழமல்லிக்கு என்ன, அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும்" என்றார். பிறகு, தை மாதத்திலிருந்து வாய் திறவாதவர், அந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மணப்பெண்ணாய் வலக்கால் எடுத்து வைத்த நிலைப்படி, காவிரி பெருகிய ஆண்டில் கூடம் வரை வந்த வெள்ளம், இரண்டாங்கட்டில் நெல் அவித்த பெரிய அண்டா என ஒவ்வொன்றாய்ச் சொன்னார். இடையிடையே மகள் கேட்டாள், புரியாத சொல் வந்தபோது, "இரண்டாங்கட்டு என்றால் என்ன பாட்டி?" என்றாள். தாயார் கையால் காற்றில் வரைந்து காட்டினார். லின்ஸ் நகரம் வந்ததும் போனதும் அவர்கள் அறியவில்லை.

நடவாத கதைக்குக் களமாக நின்ற இடத்தைத் தேடிச் செல்வதில் என்ன பொருள் என்போர்க்கு இதுவே என் விடை. ஊரைவிட்டு வந்த நம் வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன; சில விலைபோய்விட்டன. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்த நம் பிள்ளைகள் தாம் வாழாத அவ்வீடுகளைத் தாமே கட்டிக்கொள்கின்றனர். கிணறு இடம் மாறி நின்றால் நிற்கட்டும். கட்டுவதற்கு வேண்டிய திண்ணை, முற்றம், இரண்டாங்கட்டு என்னும் சொற்களை நாம் அவர்களுக்குத் தர வேண்டும். அவர்கள் கேட்கும்போது விடை சொல்ல நேரமும் தர வேண்டும்.