எண்ணை விட்டுட்டுக் கதையைச் சொல்லு

அந்தக் காலத்துக் கணக்குகளில் ஊர் இருந்தது. நெல்லை மரக்காலில் அளந்தார்கள், நிலத்தை மாக்கணக்கில் விற்றார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பதெல்லாம் எங்களுக்கு வீட்டுப் பேச்சு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து சில வருஷம் ஆகியும் எங்கள் கணக்கு சார் வாயில் அணாதான் முந்திக்கொண்டு வரும். நாக்கைக் கடித்துக்கொண்டு பைசாவுக்கு மாறுவார்.

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். கதைபோல வரும் கணக்கு என்றால் கண்ணில் பட்ட எண்களைப் பிடித்துக் கூட்டுவோம், இல்லாவிட்டால் பெருக்குவோம். சாரிடம் அது நடக்காது. ஒருவன் கணக்கை உரக்கப் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்வார். "இப்ப எண்ணை விட்டுட்டுக் கதையைச் சொல்லு." 'வாய்க்கால்ல தூர் வாருறாங்க சார், ஆள் குறைஞ்சுபோச்சு' என்று சொல்லத் தெரிந்தவன் கைக்குத்தான் சாக்பீஸ் வரும். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் தெரிந்தது, அந்தப் பக்கம் கேட்டது. பிறகு எல்லாரையும் பார்த்து, "விடை கூடுமா, குறையுமா?" பெருக்கலும் வகுத்தலும் அதற்கப்புறம்தான். வந்த விடையைக் கதைக்குள் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 'நாள்' என்று போடாமல் வெறும் 15 என்று எழுதினால், "பதினஞ்சு என்னடா, கத்தரிக்காயா?"

ஜார்ஜ் போலியா என்ற கணிதர் 1945இல் வெளிவந்த தம் நூலில், கணக்கைப் புரிந்துகொள்வது, வழி யோசிப்பது, செய்வது, திரும்பிப் பார்ப்பது என்று நாலு படி சொல்கிறார். பின்னாளில் அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சாரிடம் ஐந்தாவதாக ஒரு பிரம்பும் இருந்தது.

இப்போது பேத்திக்கு 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'அதிகம்' என்றால் கூட்டு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ராணியிடம் 12 மாம்பழம், அது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம் என்றால், மாலாவுக்கு 17 கொடுத்துவிடுகிறாள். பாவம், மாலாவிடம் இருப்பது ஏழுதான். சுருக்குவழியாம். எனக்கென்னவோ இதைக் கணக்கில் சேர்க்கவே மனம் வரவில்லை.

அந்தத் தூர் வாரும் கணக்கு நன்றாக நினைவிருக்கிறது. 12 ஆள் 10 நாளில் முடிக்கும் வேலை, 8 ஆளுக்கு எத்தனை நாள்? 15 என்று முடித்தோம். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான். "அதெல்லாம் ஆகாது சார். ஜூன் பன்னெண்டு மேட்டூர் திறந்துருவாங்க, தண்ணி வந்துரும்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "தண்ணி இங்க வர எத்தனை நாள் இருக்கு?"

"எட்டு நாள் இருக்கும் சார்."

பலகையை அழித்துவிட்டு எழுதினார்: எட்டே நாளில் முடிய, இருக்கிற 8 பேரோடு இன்னும் எத்தனை பேர் வேண்டும்? எல்லாருமாகக் கத்தினோம், ஏழு பேர்.

அவன் உட்காரவில்லை. "ஏழு பேருக்குக் கூலி யாரு சார் குடுப்பா?"

"உக்காருடா. அது நாளைக்கு."