மூடியைத் திறக்கும் கை

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அவள், சனிக்கிழமைதோறும் மாலையில் அத்தொலைவைப் பேருந்தில் கடப்பாள். தாய் மறைந்தபின் சித்தூர் வீட்டில் தந்தை தனியே இருக்கிறார். வயது 76. சர்க்கரை நோய் இருப்பதால் வேளை தவறாமல் உண்டாக வேண்டும். கை விரல்களில் மூட்டுத் தேய்மானம். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியும். குழம்பு வைக்கத் தெரியாது. இரவுக்குத் தெருமுனைக் கடையில் இட்லி கிடைத்துவிடும். மதியம்தான் சிக்கல். ஆகவே, ஞாயிறன்று ஆறு நாளுக்கான சாம்பாரும் கீரைப் பருப்பும் காரக்குழம்பும் சமைத்துப் பிரீசரில் அடுக்கிவிட்டுத் திரும்புவதென்று முடிவு செய்தாள்.

எதில் அடைப்பது என்ற கேள்வியை அவள் தன் துறையின் கண்கொண்டு அணுகினாள். முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்த பாலிபுரொப்பிலீன் டப்பா சூட்டைத் தாங்கும். ஆனால் அதன் சாதாரண வகை 0 டிகிரியை ஒட்டியே நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். பிரீசரிலோ மைனஸ் 18 டிகிரி. மேலும், மஞ்சளின் நிறம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஏறினால் எளிதில் போகாது. போரோசிலிக்கேட் கண்ணாடியில் கறை பிடிக்காது. புளியும் அதை ஒன்றும் செய்யாது. வெப்பத்தால் அது விரிவடைவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. நாற்புறமும் பூட்டிக்கொள்ளும் மூடியும் ரப்பர் வளையமும் கொண்ட ஆறு கண்ணாடிப் பெட்டிகளை உதவித்தொகையிலிருந்து வாங்கினாள்.

மற்றவற்றையும் முறைப்படியே செய்தாள். சமைத்த உணவில் நுண்ணுயிர் பெருகுவது 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில். சித்தூரின் கோடையில் அடுப்படியே அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே குழம்பை அகன்ற தட்டுகளில் ஊற்றி, தண்ணீரில் வைத்து விரைந்து ஆறவைத்தாள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும் என்பதால் ஒவ்வொரு பெட்டியிலும் விரற்கடை அளவு இடம் விட்டாள். கிழமையின் பெயரை எழுதி ஒட்டினாள். குறை சொல்ல ஏதுமில்லை என்றே நினைத்தாள்.

அவ்வாரம் இரவுதோறும் தொலைபேசியில் கேட்டாள்: “மத்தியானம் சாப்பிட்டீங்களாப்பா?” இரவுதோறும் ஒரே பதில்: “ஆச்சும்மா. நல்லா இருந்துச்சு.”

சனி இரவு வந்து பிரீசரைத் திறந்தவள் திகைத்து நின்றாள். ஆறு பெட்டிகளில் ஐந்து வைத்தபடியே இருந்தன. திங்கட்கிழமைப் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் திறந்து கொடுத்திருக்கிறார். மற்ற நாள்களில் மோரும் ரொட்டியும். வியாழனன்று தலை சுற்றி உட்கார்ந்தவருக்கு அதே அம்மாள்தான் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார்.

“ஏம்ப்பா சொல்லல?”

“நாலு பக்கமும் பூட்டு மாதிரி இருக்குதும்மா. விரல் ஒத்துழைக்கல. தெனமும் போயி அவங்க கதவைத் தட்டுறதா? நீயும் அவ்வளவு செலவு பண்ணி வாங்கியிருக்கற.”

அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. வெப்பம், அமிலம், கறை, கசிவு என அவள் ஒப்பிட்டவை அனைத்தும் சரியானவையே. ஒப்பிடாமல் விட்டது ஒன்றுதான்: திறக்கும் கை. பாத்திரத்தைத் தேர்ந்தவள் அவள், நிரப்பியவள் அவள், மூடியவள் அவள். திறக்க வேண்டியவர் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. காற்றுப் புகாத மூடி, உணவை மாதக்கணக்கில் வைப்பவர்க்கு இன்றியமையாதது. காற்றுப்பட்டால் பரப்பு உலர்ந்து சுவை குன்றும். ஆனால் ஆறே நாளில் உண்டு தீரும் குழம்புக்கு அத்தனை இறுக்கம் தேவையே இல்லை. தேவைக்கு மிஞ்சிய அந்த இறுக்கம்தான் தந்தையைப் பட்டினி போட்டது.

மறுநாள் பரணிலிருந்து தாயின் எவர்சில்வர் கிண்ணங்கள் இறங்கின. விளிம்பில் அவர் பெயர் வெட்டியவை. மேலே குமிழ் வைத்த தட்டு மூடிகள். ஒரு விரலால் தூக்கிவிடலாம். எவர்சில்வர் மைனஸ் 18 டிகிரியில் நொறுங்காது, புளிக்கும் அஞ்சாது, சிறிது தண்ணீர் விட்டு அப்படியே இளந்தீயில் ஏற்றலாம். கண்ணாடியை அவ்வாறு அடுப்பில் வைக்க முடியாது. மைக்ரோவேவில் எவர்சில்வர் ஆகாது என்பார்கள். அவ்வீட்டில் மைக்ரோவேவே இல்லை. குளிர்ந்த உலோகத்தில் ஈரக்கை ஒட்டும் என்பதால் பிரீசர் கதவில் ஒரு துணியைத் தொங்கவிட்டாள். தளர்ந்த மூடி என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பரப்பி வைத்தாள். இம்முறை கதவை மூடுமுன் தந்தையை அழைத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் அவரே எடுத்துத் திறந்து மூடும்வரை அருகில் நின்றாள்.

புதன் இரவு தொலைபேசியில் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“சாப்பிட்டேன். ஆனா சாம்பார்ல உருளைக்கிழங்கு போடாதம்மா. சக்கையா, மாவு மாவா இருக்குது.”

உறைந்து இளகும் உருளைக்கிழங்கு அப்படித்தான் ஆகும். பனிப் படிகங்கள் அதன் செல்களைக் கிழித்துவிடும். உண்ணாதவர் சொல்லியிருக்க முடியாத குறை அது. “சரிப்பா, இனிமே போடல” என்றாள். அன்றிரவு நன்றாக உறங்கினாள்.