கூடாரம் தேர்ந்த கதை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் மகள் ஒரு வேண்டுகோளுடன் வந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தோழி ஒருத்தியோடு உத்தரகாண்ட மாநிலத்தின் கேதார்காந்தா மலையில் ஏறப்போவதாகவும், பனியின்மேல் இரவு தங்க ஒரு கூடாரம் வேண்டுமென்றும் சொன்னாள். ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள மலை அது. "நீங்களே பார்த்துத் தேர்ந்து கொடுங்கள் அப்பா" என்றாள். கூடாரம் தேர்ந்தெடுக்கும் தகுதியை நான் 1986-இலேயே இழந்துவிட்டவன் என்பது அவளுக்குத் தெரியாது.

அவ்வாண்டு கார்த்திகையில் மாணவர் நால்வரைக் கொடைக்கானல் மலைக்கு அழைத்துச் சென்றேன். வாடகைக்குக் கிடைத்தவற்றுள் மலிவானதும் சுமக்க எளிதானதுமான கூடாரத்தை நானே தேர்ந்தேன். நள்ளிரவில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. மேல்துணி உள்துணியோடு ஒட்டிக்கொள்ள, நீர் உள்ளே வழிந்தது. சற்று நேரத்தில் நடுக்கம்பு முறிந்தது. நனைந்த மாணவன் ஒருவன் வெடவெடவென நடுங்கிக்கொண்டிருந்தான். பின்னர் அவன் நடுக்கம் நின்றது. நான் ஆறுதலடைந்தேன். பேச்சுக் குழறிய பிறகே அச்சம் பிறந்தது. குளிரோடு பொருதும் உடல் தோற்கத் தொடங்குகையில்தான் நடுக்கம் நிற்கிறது என்பதை அன்று நான் அறியவில்லை. இரண்டு கல் தொலைவிலிருந்த குடியிருப்புக்கு அவனைத் தூக்கிச் சென்றோம். முகமறியாத மூதாட்டி ஒருவர் கதவைத் திறந்து, அவனது ஈர உடையைக் களைந்து, கம்பளியில் சுற்றி, விடியும்வரை அணைத்தபடி இருந்தார். அவன் பிழைத்தான். நான் அதை எவரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

ஆகவே, இம்முறை படித்துத் தெளிந்த பின்னரே கடைக்குச் சென்றேன். வேனிற்காலக் கூடாரம் காற்றோட்டத்துக்காக வலைத்துணியால் ஆனது; பனித்துகள் அதனூடே நுழைந்துவிடும். குளிர்காலக் கூடாரத்துக்கு உட்சுவர் நெருக்கமான துணியாகவும், மேற்போர்வை தரைவரை தாழ்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். அலுமினியக் கம்புகள் பல இடங்களில் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் குவிமாடம் போல் நின்றால், எத்திசைக் காற்றையும் பகிர்ந்து தாங்கும். சரிவான கூரையில் பனி தங்காது வழுக்கி விழும். இழுகயிறுகளை முறையாகக் கட்டாவிடில் விலையுயர்ந்த கம்பும் வளைந்துபோகும். சாதாரண முளை பனியில் பிடிக்காது. பையில் பனியை நிரப்பிக் கயிற்றோடு புதைத்து மிதித்து இறுக்க வேண்டும். இவையனைத்தும் அமைந்த கூடாரத்தின் எடை நான்கு கிலோவுக்குக் குறையவில்லை. மகள் முகம் சுளித்தாள், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. கூரையின் உச்சியில் இரண்டு திறப்புகள் இருந்தன. அவற்றைத் தைத்து மூடிவிடலாமா என்று எண்ணினேன். அவை காற்றுவழிகள் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவை அடைபட்டால், உறங்குவோரின் மூச்சு ஈரமாகிச் சுவரில் உறைந்து, மீண்டும் அவர்கள்மேலேயே உதிரும். உள்ளே அடுப்பெரித்தால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும். புயலுக்கு அஞ்சி நான் செய்யவிருந்த காரியமே என் மகளுக்குக் கேடாய் முடிந்திருக்கும்.

அந்நாள்களில் அண்டார்க்டிக்காவின் வரலாறும் என் கைக்கு வந்தது. 1911 ஜூலையில், இருண்ட குளிர்காலத்தின் நடுவே, வில்சன், பௌவர்ஸ், செர்ரி-காரார்ட் என்னும் மூவர் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குச் சென்றனர். வழியில் குளிர் உறைநிலைக்குக் கீழே 60 பாகை செல்சியசையும் தொட்டது. புயல் அவர்களது கூடாரத்தைப் பறித்துச் சென்றது. கூடாரமின்றித் திரும்புதல் இயலாதென்று மூவரும் அறிவர். புயல் தணிந்தபின், அரை மைல் தொலைவில் அது கிடக்கக் கண்டெடுத்தனர், உயிரோடு திரும்பினர்.

அவ்வரலாற்றின் அடுத்த பகுதியே என்னை உறங்கவிடவில்லை. வில்சனும் பௌவர்சும் மறு ஆண்டு ஸ்காட்டுடன் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தனர். 1912 நவம்பரில், செர்ரி-காரார்ட்டும் இருந்த தேடற்குழு அவர்களைக் கண்டபோது, பனி மூடிய அவர்களது கூடாரம் சாயாமல் நின்றுகொண்டிருந்தது. கூடாரம் தன் கடமையில் தவறவில்லை. உணவும் எரிபொருளும் தீர்ந்தமையால் உள்ளிருந்தவர்கள் மாண்டனர்.

மறுநாள் மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்தோம். கைவிளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கம்புகளைக் கோக்கும்படி மகளைப் பணித்தேன். மூன்றாம் முறை பிழையின்றி முடித்தாள். பின்பு இருவரும் அதனுள் அமர்ந்தோம். 1986-ஆம் ஆண்டின் அந்த இரவை, என் சிக்கனத்தையும் அறியாமையையும் மறைக்காமல், அவளிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. "நடுக்கம் நின்றால் ஆறுதல் கொள்ளக்கூடாது, அதுதானே அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரித் தொடக்கத்தில் திரும்பி வந்தாள். "கூடாரம் உறுதியாக நின்றது அப்பா. ஆனால் உச்சிக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் காற்று மாறியது, வழிகாட்டி சொன்னதும் இறங்கிவிட்டோம்" என்றாள். சொல்லும்போது அவள் குரலில் சிறிது ஏமாற்றம் இருந்தது. எனக்கோ, அவள் உச்சியைத் தொட்டு வந்திருந்தால் கிடைத்திருக்கும் மகிழ்ச்சியைவிட இதுவே பெரிதாயிருந்தது. ஈரம் உலர்வதற்காகக் கூடாரத்தை மாடிக்கொடியில் விரித்தேன். அதன் மடிப்புகளில் இமயத்தின் மண் சிறிது ஒட்டியிருந்தது.