மூன்று விரல் அகலம்

27 டிசம்பர் 2024, வெள்ளி

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் கிளினிக்கில் தொண்டைக்காரர்கள் வரிசைதான். இன்று மாலை ஒரு தம்பி வந்தான். இருபத்திரண்டு வயது, அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவன். ஐந்து நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் மாத்திரை போட்டாயிற்று. வலது பக்கம் மட்டும் வலி, காதுவரை இழுக்கிறதாம். வாய் நிறைய வெந்நீரை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி குரல். எச்சிலை விழுங்க முடியாமல் கையிலிருந்த துண்டில் துப்பிக்கொண்டே இருந்தான்.

வாயைத் திறக்கச் சொன்னேன். அவன் விரல் ஒன்றுதான் நுழைந்தது. நல்ல நிலையில் அவரவர் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடியும். அந்த ஒரு விரல் இடைவெளியில் விளக்கைக் காட்டிப் பார்த்தேன். வலது டான்சிலுக்கு மேலே அண்ணம் சிவந்து புடைத்து, உள்நாக்கை இடது பக்கம் தள்ளியிருந்தது. டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருக்கிறது. வெறும் டான்சில் வீக்கம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும், வாயும் திறக்கும். டான்சிலுக்கும் அதன் பின்னால் உள்ள தசைக்கும் இடையே சீழ் தேங்கும்போது, பக்கத்திலிருக்கும் மெல்லும் தசையும் இறுகித் தாடை பூட்டிக்கொள்கிறது.

நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சிஸ்டர் பிடித்துக்கொள்ள, மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்தேன். 18 கேஜ் ஊசி. அதன் பிளாஸ்டிக் உறையின் நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால், ஊசி ஒரு சென்டிமீட்டர்தான் வெளியே நீட்டும். அதற்குமேல் ஆழம் போகக் கூடாது. டான்சிலுக்குப் பின்னால் வெளிப்பக்கமாக மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. புடைப்பு எங்கே அதிகமோ அங்கே குத்தி இழுத்தேன். மஞ்சளாக ஆறு மில்லி வந்தது. நாற்றத்தில் சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் இரண்டு விரல் நுழைந்தது. “அப்பாடா” என்றான். அதுதான் அவன் தெளிவாகச் சொன்ன முதல் சொல்.

28 டிசம்பர், சனி

சில பேருக்கு மறுநாளே சீழ் திரும்பக் கட்டும்; அப்போது கத்தியால் கீறி வழிவிட வேண்டும். இவனுக்குத் தேவைப்படவில்லை. கஞ்சி குடித்திருக்கிறான். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டோடு மெட்ரோனிடசோலும் எழுதினேன். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் இந்தச் சீழில் உண்டு.

“மாத்திரையிலயே கரையாதாம்மா? குத்தித்தான் எடுக்கணுமா?” என்று அவன் அம்மா கேட்டார். சுவர் கட்டிக்கொண்ட சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தத்தில் போகிற மருந்து எப்படிப் போதிய அளவு உள்ளே போகும் என்றேன். அவருக்கு வேறு கவலை. மகன் பஜனைக் கோஷ்டியில் பாடுகிறவன். 31ஆம் தேதி திருத்தணியில் படித் திருவிழா. 365 படி, படிக்கொரு திருப்புகழ். “மலை ஏறட்டும், பாட வேண்டாம்” என்றேன்.

30 டிசம்பர், திங்கள்

நகரியிலிருந்து ஒரு அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, விசைத்தறி வேலை. “கொந்து நொப்பி” என்று தெலுங்கில் தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினார். கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போட்டிருந்தது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தார்களாம்.

ஈரத்துணியால் பத்தைத் துடைத்துவிட்டுத் தாடைக்கு அடியில் தொட்டேன். இரண்டு பக்கமும் பலகைபோல் கெட்டி. நாக்கு மேலே தூக்கி அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. பத்து நாள் முன்பு வலித்ததை மகள் சொன்னாள். சர்க்கரை 412. படுக்கச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

லுட்விக் ஆஞ்சைனா. ஸ்டுட்கார்ட் மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்தது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் முனை, வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே பிடிக்கிற சீழ் நேராகக் கழுத்துக்குப் போய்விடும்; கழுத்திலிருந்து நெஞ்சுக்கும் வழி உண்டு. நுண்ணுயிர்க்கொல்லிகள் வருவதற்கு முன் பாதிப்பேருக்குமேல் பிழைக்கவில்லை.

இங்கே நான் ஊசியைத் தொடவே இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே ஆக்சிஜன், நரம்பில் முதல் டோஸ் மருந்து, 108. வேலூருக்குப் போன் செய்து மூச்சுக்குழாயைத்தான் முதலில் சொன்னேன்: தூக்கமருந்து தரவில்லை, படுக்கவைக்கவில்லை, டிரக்கியாஸ்டமிக்குத் தயாராக இருங்கள்.

31 டிசம்பர், செவ்வாய்

வேலூரிலிருந்து செய்தி வந்தது. மயக்கம் கொடுக்காமல், விழித்த நிலையிலேயே மூக்கு வழியாக கேமராக் குழாயைச் செலுத்தி மூச்சுக்கு வழி செய்திருக்கிறார்கள். பிறகு ஸ்கேன், அதன்பின் கழுத்தை வெளியிலிருந்து திறந்து சீழை வடித்துப் பல்லையும் எடுத்தாகிவிட்டது. இன்சுலின் ஓடுகிறது.

ஜார்ஜ் வாஷிங்டனின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. 1799 டிசம்பர் 14. தொண்டை அடைத்து மூச்சுக்குத் திணறியவரிடமிருந்து சுமார் இரண்டரை லிட்டர் ரத்தத்தை வடித்தெடுத்தார்கள். மருத்துவர்கள் மூவரில் இளையவரான டிக், மூச்சுக்குழாயில் துளையிடலாம் என்றார், மூத்தவர்கள் ஒப்பவில்லை. குரல்வளைமூடி வீங்கியதுதான் காரணம் என்பது இன்று பலரின் கணிப்பு. நோயின் பெயர் பிறகு தெரிந்தால் போதும், மூச்சுக்கு வழி முதலில் வேண்டும்.

3 ஜனவரி 2025, வெள்ளி

தம்பி வந்தான். மூன்று விரல் நுழைகிறது. மலையில் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போட்டானாம். “டான்சிலை எடுத்துடணுமா மேடம்?” முதல் தடவைதான், அடிக்கடி தொண்டைப்புண் வந்த கதையும் இல்லை, இப்போதைக்கு வேண்டாம். திரும்ப வந்தால் ஆறு வாரம் ஆறவிட்டு எடுக்கலாம்.

நகரி அம்மாவுக்கு நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள். சீழில் வளர்ந்தது கிளெப்சியெல்லா; சர்க்கரை உள்ளவர்களின் கழுத்துச் சீழில் அடிக்கடி காண்பது. சர்க்கரை இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

6 ஜனவரி, திங்கள்

பக்கத்து மருந்துக்கடைக்காரர் கேட்டார், எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று. ஒரு பக்கம் மட்டும் வலி, வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். தாடைக்கு அடியில் கெட்டி வீக்கம், மூச்சில் சத்தம், படுக்க முடியவில்லை என்றால் என்னிடம்கூட அனுப்ப வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள் என்றேன்.

“மாத்திரை குடுன்னு காசை நீட்டறவங்களை எப்படி மேடம் திருப்பி அனுப்புறது?”

“காசை வாங்கறதுக்கு முன்னால, மூணு விரலை வாயில வைக்கச் சொல்லுங்க.”